முகம் பார்க்க வந்தவர்கள்

"பேக்கப் எடுக்கலையா மேடம்?"

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லேப்டாப் சர்வீஸ் கடை. கடைக்காரர் நான் கொடுத்த லேப்டாப்பை ஆன் செய்து, காதருகே தூக்கிப் பிடித்துக் கேட்டார். உடனே ஆஃப் செய்தார். அடுத்து என்னைப் பார்த்துக் கேட்ட கேள்விதான் மேலே இருப்பது.

இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எடுத்திருந்தால் நான் ஏன் உங்கள் கடை ஸ்டூலில் வந்து உட்காரப் போகிறேன்?

கவனித்திருப்பீர்கள். நம் ஆட்களுக்கு இந்த மாதிரிக் கேள்விகள் என்றால் கொள்ளைப் பிரியம். ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவரிடம், "முன்னாடியே காட்டலையா?" திருட்டுப் போன வீட்டில், "நல்ல பூட்டா போடலையா?" விபத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் — "ஹெல்மெட் போடலையா?" பதில் தெரிந்து இவர்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அது அவர்கள் செய்த தப்பு, நமக்கு அப்படி நடக்காது என்று ஒரு நிம்மதி வேண்டும். அவ்வளவுதான்.

கலைச்செல்வி ஹெல்மெட் போட்டிருந்தாள். முகத்தை மூடாத அரை ஹெல்மெட்.

அந்த லேப்டாப் அவளுடையது.

கலை எனக்குத் தூரத்து உறவில் அக்கா மகள். ஆனால் அம்சவேணி அக்காவும் நானும் பழகியதைப் பார்த்தால் யாரும் தூரத்து உறவு என்று சொல்லமாட்டார்கள். அக்காவுக்கு மணலூர்பேட்டைப் பக்கம் கொஞ்சம் நிலம். கரும்பு, நெல். கணவர் இறந்து பல வருஷம் ஆகிறது. ஒரே மகள். படிக்க வைத்து, டீச்சராக்கி, கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கு வேலைக்கு அனுப்பினார். அங்கேயே ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருந்தாள் கலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்கூட்டியில் மலை இறங்குவாள். கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு டீ. "வரேன் சித்தி" என்று ஊருக்குக் கிளம்பிவிடுவாள்.

அந்த வெள்ளிக்கிழமை டீ போட்டு வைத்திருந்தேன். வரவில்லை. மலையில் மழை என்று நினைத்துக்கொண்டேன். மழைதான்… கச்சிராயபாளையத்துக்கு இறங்குகிற பாதையில் ஒரு வளைவு. மழை இழுத்து வந்த சரளைக் கல். வண்டி வழுக்கிப் பள்ளத்தில் பாறைமேல் போய் விழுந்திருக்கிறாள்.

இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. ஒன்றே ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் மற்றது புரியாது. அரசு ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது முழுக்கத் துணி சுற்றியிருந்தது. ஊர்ப் பெரியவர்கள் அக்காவைப் பிடித்துக்கொண்டு, "மொகத்த மட்டும் தொறக்க வேணாம்மா, சொன்னா கேளு" என்றார்கள்.

சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் எதற்கு வருகிறார்கள்? முகம் பார்க்க. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். "மொகம் பாத்துட்டு வந்துடறேன்" என்றுதான் கிளம்புவார்கள். பெங்களூரிலிருந்து தாய்மாமன் வருகிறார் என்றால் அவர் வந்து முகம் பார்க்கும்வரை எடுக்க மாட்டார்கள். சண்டைபோட்டுப் பல வருஷம் பேசாமல் இருந்த பங்காளிகூட முகம் பார்க்க வந்துவிடுவான். வராமல் போனால்தான் பேச்சு.

கலைக்கு அந்த முகம் இல்லை. வந்தவர்கள் வெள்ளைத் துணியைப் பார்த்து அழுதுவிட்டுப் போனார்கள். தெருமுனையில் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனரில் அவளுடைய பாஸ்போர்ட் போட்டோ. வேலைக்கு விண்ணப்பிக்க எடுத்தது. விறைப்பாக, காது தெரிய, யாரோ மாதிரி இருந்தாள்.

அவள் போன் பாறையில் நொறுங்கிப் போயிருந்தது. தோழிகளின் போன்களில் நாலைந்து போட்டோ கிடைத்தது. எல்லாம் கும்பலில் ஓரமாக நிற்பவை. அக்காவிடம் இருப்பது பட்டன் போன். மலையில் அவள் தங்கியிருந்த இடத்தில் சிக்னல் கிடையாது. போன் மெமரி நிறைந்துபோய்விடும் என்று எல்லாவற்றையும் அவ்வப்போது லேப்டாப்புக்கு மாற்றிவிடுவாள் என்று கூட வேலை பார்த்த டீச்சர் சொன்னாள். காப்பி இல்லை. கட், பேஸ்ட்.

அவள் விழுந்தபோது அந்த லேப்டாப் முதுகுப் பையில் இருந்தது. பிளஸ் டூ படிக்கும்போது பள்ளியில் கொடுத்தது. பிள்ளைகளின் ஹோம்வொர்க் நோட்டுகளுக்கு நடுவே பத்திரமாக உட்கார்ந்திருந்தது. மூலையில் ஒரு நசுங்கல். மற்றபடி ஒன்றுமே ஆகாத மாதிரி.

துக்கம் விசாரிக்கப் போயிருந்த ஒரு நாள் அதை நான்தான் திறந்தேன். திறக்க ரொம்ப நேரம் எடுத்தது. உள்ளேயிருந்து சத்தம்… டிக்… டிக்… நகத்தால் யாரோ தட்டுகிற மாதிரி. அப்புறம் திரை வந்தது. தேடினேன். போட்டோ எதுவும் திறக்கவில்லை, ஒரு வீடியோ மட்டும் ஓடியது.

மலையில் தன் ரூமைச் சுற்றிக் காட்டி எடுத்திருக்கிறாள். அக்காவுக்காக. அக்கா ஒரு தடவைகூட மலைக்குப் போனதில்லை. "கரும்பு வெட்டு முடியட்டும்", "நடவு முடியட்டும்" என்றே தள்ளிப்போய்விட்டது.

"யம்மோவ், இதாம்மா என் ரூமு" என்று குரல் தொடங்குகிறது. கட்டில், சின்ன கேஸ் அடுப்பு, சுவரில் பிள்ளைகள் வரைந்து கொடுத்த யானை. ஜன்னலைத் திறக்கிறாள், வெளியே ஒரே பனிப்புகை. "பாரு, ஒண்ணுமே தெரீல. இதான் தெனமும் காலைல என் டிவி." அப்புறம் கேமராவைத் தன் பக்கம் திருப்புகிறாள். குளித்துவிட்டு ஈரத்தலையைத் துண்டில் முடிந்திருக்கிறாள். நேராகப் பார்க்கிறாள். "இன்னா, புடிச்சிருக்கா? எப்ப வர நீ?"

அக்கா திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நான்தான் வாய்விட்டு அழுதேன்.

சத்தம் சரியில்லையே என்ற பயத்தில் மறுநாளே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அந்த சர்வீஸ் கடைக்கு வந்தேன். பேக்கப் கேள்வியைக் கேட்டுவிட்டு, கடைக்காரர் வீடியோவைப் பென் டிரைவில் ஏற்றிப் பார்த்தார். பாதியில் உறைந்து நின்றது. மறுபடி போட்டார். மறுபடியும் நின்றது. அவருக்கே பயம் வந்துவிட்டது. கையை எடுத்துவிட்டார்.

"மேடம், ஹார்ட் டிஸ்க் அடி வாங்கியிருக்கு. உள்ள ஒரு தட்டு சுத்தும், அதுக்கு மேல முள்ளு மாதிரி ஒண்ணு ஒரசாம ஓடும். அந்த முள்ளு இப்ப சரியா நிக்கல. ஒவ்வொரு தடவ ஆன் பண்ணும்போதும் ஒரசுது. இனிமே ஆன் பண்ணவே கூடாது. அப்படியே சென்னைக்கு எடுத்துக்கினு போங்க. தூசி இல்லாத ரூம்ல வெச்சுப் பிரிச்சு எடுப்பாங்க."

"வீடியோ ஓடுதே?"

"ஓடற வரைக்கும் ஓடும் மேடம். எப்ப நிக்கும்னு சொல்ல முடியாது."

நான் நேராகச் சென்னைக்குப் பஸ் ஏறியிருக்க வேண்டும். ஆனால் லேப்டாப் இப்போது அக்காவுடையது. அவரைக் கேட்காமல் எப்படி? மணலூர்பேட்டைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். லேப்டாப்பில் இருப்பதெல்லாம் அழிந்துபோகலாம், இப்போதே கொண்டுபோனால் காப்பாற்றலாம் என்று எனக்குத் தெரிந்த தமிழில் எல்லாம் சொன்னேன். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எடுத்துக்கினு போ ஜோதி. வேணான்னு சொல்லல. கருமாதி முடியட்டும்."

"அதுவரைக்கும் தாங்குமான்னு தெரியலக்கா."

"எலவனாசூர்கோட்டை அத்தை இன்னும் வரல. எங்க பெரியப்பா மவன் குடும்பம் வரல. அவங்கல்லாம் பாக்காம எப்படி எடுக்கறது?"

எடுக்கறது. கேட்டீர்களா அந்த வார்த்தையை? அக்கா லேப்டாப்பைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். வரவேண்டியவர்கள் எல்லாம் வந்து முகம் பார்க்கும்வரை எடுக்கக் கூடாது. அதே கணக்குதான். அன்றைக்குக் காட்ட முடியாத முகத்தை இப்போது காட்டுகிறார். அதற்கு நடுவே ஹார்ட் டிஸ்க், முள், தட்டு என்று நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அந்த இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பிடுங்கிக்கொண்டு ஓடியிருப்பீர்களா? எனக்கு முடியவில்லை.

அதற்கப்புறம் அந்தக் கூடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கலையின் போட்டோவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. அதன்மேல் லேப்டாப். அதற்கும் யாரோ பூ வைத்திருந்தார்கள். வாசலில் ஆட்டோ வந்து நிற்கும். தியாகதுருகத்திலிருந்து நாலு பெண்கள் இறங்குவார்கள். தெருவிலேயே அழுகை தொடங்கிவிடும். உள்ளே வந்து அக்காவைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். அழுது ஓய்ந்து மூக்கைச் சிந்தி உட்கார்ந்ததும் ஒருத்தி சொல்வாள், "கொழந்த மொகத்தக்கூடப் பாக்க முடியாம போச்சே…"

உடனே அக்கா எழுந்துவிடுவார். "வா, பாரு."

டிக்… டிக்… டிக்…

நாளுக்கு நாள் திரை வர நேரமானது. வீடியோ நின்று நின்று ஓடியது. 'யம்மோவ்' என்றதும் ஒரு நிறுத்தம். யானைப் படத்தில் ஒரு நிறுத்தம். வந்தவர்களுக்கு அது தெரியவில்லை, நான்தான் ஒவ்வொரு நிறுத்தத்தையும் எண்ணிக்கொண்டிருந்தேன். அடுத்த ஆட்டோ வந்து நிற்கும்போதெல்லாம் அதிலிருந்து இறங்குகிறவர்கள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பாவம், துக்கத்துக்கு வந்தவர்கள். அவர்கள்மேல் ஆத்திரப்படுகிற பிறவி நானாகத்தான் இருப்பேன்.

செல்போனில் திரையைப் படம் பிடித்திருக்கலாமே என்று இந்நேரம் பாதிப் பேர் கேட்டிருப்பீர்கள். பிடித்தோம். நான் பிடித்தேன், அக்காவின் கொழுந்தன் மகன் பிடித்தான், இன்னும் யார் யாரோ பிடித்தார்கள். திரையில் டியூப்லைட் பளபளக்கிறது. அவள் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் பட்டை. குரல்? கேட்பதெல்லாம் அழுகைதான். "என் பெத்த கண்ணே" என்று யாரோ போடுகிற ஒப்பாரி. அதற்கு அடியில் எங்கேயோ கலை என்னவோ சொல்கிறாள். என்ன சொல்கிறாள் என்று ஏற்கெனவே கேட்டவர்களுக்குத்தான் புரியும்.

"யாரும் இல்லாதப்ப ஒரு தடவ போட்டு, கதவச் சாத்தி, லைட்ட அணைச்சு எடுத்துக்கலாம்க்கா" என்று கேட்டுப் பார்த்தேன்.

"சாவு வூட்டுல கதவச் சாத்தறதா?" என்றார்.

செல்போனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

எலவனாசூர்கோட்டை அத்தை வந்து பார்த்தார். பெரியப்பா மகன் குடும்பம் வந்து பார்த்தது. கருமாதிக்கு முதல் நாள். இனி யாரும் பாக்கியில்லை என்று எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. லேப்டாப்பை ஒரு டவலில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் கிளம்புவதாக இருந்தேன்.

அப்போதுதான் அந்த மினி லாரி வந்தது.

மலைக்காரர்கள். கலையின் வகுப்புப் பிள்ளைகளைப் பெற்றவர்கள். மழையில் பாதை அடைபட்டுக் கிடந்ததால் சாவுக்கு வர முடியவில்லை. ஆண்களும் பெண்களுமாக லாரி பின்னால் நின்றுகொண்டே வந்திருக்கிறார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரத் தயங்கி நின்றார்கள். கையில் ஒரு பை நிறைய கடுக்காயும், இலையில் கட்டிய தேனடையும். சாவு வீட்டுக்கு எதைக் கொண்டுவருவது என்று தெரியாமல், டீச்சருக்கு வழக்கமாகக் கொடுப்பதையே கொண்டுவந்திருந்தார்கள்.

முன்னால் நின்ற ஒரு பெண்தான் பேசினாள். "டீச்சரு எம்பொண்ண பள்ளிக்கூடத்துக்கு விடுன்னு வூட்டு வாசல்ல வந்து ஒக்காந்துக்கிச்சும்மா. நான் விட மாட்டேன்னு சொன்னேன். விட்டாதான் எந்திரிப்பேன்னிச்சு." உள்ளே இருந்த கலையின் போட்டோவை எட்டிப் பார்த்தாள். "மொகத்த ஒரு தபா பாத்திருந்தா மனசு ஆறியிருக்கும்."

அக்கா என்னைப் பார்த்தார்.

"வேணாங்க்கா" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். "இதுக்கு மேல தாங்காது. போயிடும்."

"மலையிலேர்ந்து நின்னுக்கினே வந்திருக்காங்க. மொகம் காட்டாம அனுப்பச் சொல்றியா?"

"போயிடும்க்கா. அப்புறம் உனக்கே இருக்காது."

அக்கா ஒரு நிமிஷம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், நான் பார்த்தேன். அப்புறம் என் பையிலிருந்து அவரே லேப்டாப்பை எடுத்தார். டவலைப் பிரித்தார். நான் திறப்பதைப் பார்த்துப் பார்த்து அவருக்கும் பழகியிருந்தது. அவரேதான் ஆன் செய்தார்.

ரொம்ப நேரம் டிக் டிக் என்றது. மலைக்காரர்கள் தரையில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். கடைசியில் வந்தது.

"யம்மோவ், இதாம்மா என் ரூமு…"

கட்டில் வந்தது. அடுப்பு வந்தது. சுவரில் யானை வந்தது. "எம்பொண்ணு போட்டது அது" என்றாள் அந்தப் பெண் மெதுவாக. ஜன்னல் திறந்தது. பனிப்புகை. "பாரு, ஒண்ணுமே தெரீல" — அங்கே நின்றது.

காத்திருந்தோம். உள்ளே கரகரவென்று ஒரு சத்தம். திரை கறுத்தது. கறுத்தது கறுத்ததுதான்.

முகம் இன்னும் வரவேயில்லை. கேமராவைத் திருப்புவது அதற்கு அடுத்துத்தான். ஆனால் வந்தவர்களுக்கு அது தெரியாதே. வீடியோ அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டார்கள். சுவரில் இருந்த யானையைப் பார்த்தது, குரலைக் கேட்டது… அதையே முகம் பார்த்ததாக எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"பாத்துட்டோம்மா" என்றாள். "போதும்."

அக்கா அவர்களை வாசல்வரை போய் அனுப்பிவிட்டு வந்தார். லேப்டாப்பை அவரே டவலில் சுற்றி என் பையில் வைத்தார்.

சென்னையில் கொடுத்திருந்த லேப்டாப்புக்குப் போன வாரம்தான் பதில் வாங்கிக்கொண்டு வந்தேன். அங்கே கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெண், என் கலை வயதுதான் இருக்கும், ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்து எடுத்த போட்டோவைக் காட்டினாள். கண்ணாடி மாதிரி பளபளக்க வேண்டிய தட்டு. அதில் வட்ட வட்டமாகக் கீறல்.

"விழுந்த அடியில பெருசா ஒண்ணும் ஆகல மேடம். அப்பவே கொண்டு வந்திருந்தீங்கன்னா எல்லாமே எடுத்திருக்கலாம். அதுக்கப்புறம் நிறைய தடவ ஓட்டியிருக்காங்க. ஓட ஓட சுரண்டிடுச்சு. இனிமே எங்க கொடுத்தாலும் வராது." கொஞ்சம் தயங்கிவிட்டு, "சாரி மேடம்" என்றாள். பேக்கப் பற்றிக் கேட்கவில்லை. அந்தப் பெண் நன்றாக இருக்கவேண்டும்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு ஒரே யோசனை. விழுந்த அடியில் போகாதது, நாங்கள் முகம் பார்த்துப் பார்த்தே போயிருக்கிறது. ஒருத்தர்கூடக் கெட்ட எண்ணத்தோடு பார்க்கவில்லை. எல்லோரும் பாசத்தோடு வந்தவர்கள்தான். ஆளுக்கு ஒரு சுரண்டல்.

அக்கா வாசலிலேயே காத்திருந்தார். கருமாதி எல்லாம் முடிந்து வீடு வெறிச்சென்று இருந்தது. இளைத்துப்போயிருந்தார். ஹார்ட் டிஸ்க்கைப் போட்டுக் கொடுத்த சின்னப் பெட்டியை என்னிடமிருந்து வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"வரலியா?"

"வரலக்கா."

தலையை ஆட்டிக்கொண்டார். அப்புறம், அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார்.

"நான் போட்டு போட்டு காட்டுனதாலயா ஜோதி?"

பத்திரிகையில் இத்தனை வருஷமாக எழுதுகிறேன். உண்மையைச் சொல்லுங்கள், எதுவானாலும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுங்கள் என்று உங்களுக்கெல்லாம் எத்தனை தடவை உபதேசம் செய்திருப்பேன்? ஒரு நிமிஷம்கூடத் தயங்காமல் சொன்னேன்.

"இல்லக்கா. அது உழுந்த அன்னிக்கே போயிடுச்சாம். அதுக்கப்புறம் ஓடுனதே பெரிய விஷயமாம். நீ போட்டாலும் போடலன்னாலும் போயிருக்கும்னுதான் சொன்னாங்க. எல்லாரும் பாத்தாங்களே, அதுவே லாபம்தான்."

அக்கா என் முகத்தையே பார்த்தார். ரொம்ப நேரம். அப்புறம் "சரி" என்றார். உள்ளே போய்த் தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கலை போன பிறகு அவராகப் போட்டுச் சாப்பிட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்படியென்றால் இதை ஏன் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். பெயரையெல்லாம் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன், இருந்தாலும் எழுதாமலே இருந்திருக்கலாம். ஆனால் இந்த நிமிஷம் எங்கோ ஒரு வீட்டில் முக்காலிமேல் ஒரு லேப்டாப் டிக் டிக் என்றுகொண்டிருக்கும். அடுத்த ஆட்டோ வாசலில் வந்து நிற்கும். அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியவேண்டும் என்றுதான்… அணைத்துவிடுங்கள். வருகிறவர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

இனி ஒரே ஒருத்திக்கு மட்டும் ஒரு வார்த்தை. அக்காவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். பக்கத்து வீட்டுப் பெண் வாராவாரம் இந்தப் பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டுகிறாள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்குத்தான் இது.

தாயீ… இந்த வாரம் புத்தகம் வரலைன்னு சொல்லிடு.